கேள்வி எண் ஏழு

"உங்கள் திட்டம் எவ்வாறு எல்லை தாண்டுகிறது?
இருநூறு சொற்களுக்குள் விளக்குக."

ஜன்னலைத் திறந்து காட்டினால் போதும்.
ஜன்னலை இணைக்கப்
படிவத்தில் இடமில்லை.

ரோவல் ரோடு, இரண்டாம் மாடி.
கீழே பரோட்டாக் கடையின் கல் இன்னும் ஆறவில்லை.
அந்த எண்ணெய் வாசனைக்கு மேலே
மூன்று நாளாய் இன்னொரு வாசனை,
மண்ணே எரிகிற வாசனை.
காற்றுத்தரக் குறியீடு நூற்று அறுபத்தெட்டு.
முகக்கவசத்தைக் கழற்றாமல்
ஹுய் ஷான் செலவுப் பட்டியலைக் கூட்டுகிறாள்,
ஒவ்வொரு முறையும் வேறு தொகை வருகிறது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
சரிதான்.
எங்களிடம் இருப்பது புகை.
நெருப்பு ரியாவில்,
யூலியானாவின் ஊருக்குப் பின்னால்,
தரைக்கு இரண்டு முழம் கீழே
கரிமண்ணுக்குள் ஊர்ந்து போகிறது.
இடையில் ஒரு கடல்,
இரண்டு குடிநுழைவு முகப்புகள்.
மூவாரில் தேவகுமாரியைச் சேர்த்தால்
வெள்ளி, ரிங்கிட், ரூப்பியா என்று
மூன்று வகைப் பணம்.

முதன்மை விண்ணப்பதாரர் நாங்கள்.
எங்களிடம் தணிக்கை செய்த கணக்கு இருக்கிறது,
முத்திரை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது.
யூலியானாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு,
யார் எந்த வாய்க்காலை எத்தனை மூட்டையால் அடைத்தார்
என்று எழுதியது.
தீக்குள் நிற்பவள் படிவத்தில்
துணைப் பங்காளி.

ஒன்பதரைக்கு அவளுடைய குரல் வந்தது,
நடுவே நடுவே இருமல்:
"கருவி வேண்டாம் அக்கா.
போன வருடம் தந்தது நன்றாகத்தான் இருக்கிறது.
தீ எங்கே என்று சொல்லிவிடுகிறது.
எங்களுக்கும் தெரியும், பக்கத்து வீடு.
குழாய் அனுப்புங்கள்.
இருநூறு மீட்டர்."

புத்தாக்கக் கருவிகளுக்கு நிதி உண்டு.
குழாய் புத்தாக்கம் இல்லை.
ஹுய் ஷான் யோசித்தாள்.
'அறிவுப் பரிமாற்றம்' என்ற கட்டத்தில்
குழாயை நுழைத்தாள்.
தண்ணீர் போகிற வழி தெரிவதும்
அறிவுதானே என்றாள்.
சிரித்தோம், பிறகு இருமினோம்.

புகைக்குக் கடவுச்சீட்டு இல்லை
என்று ஏழாம் கேள்விக்கு எழுதினேன்.
அழித்தேன்.
நான்கு வருடமாய் அதையேதான் எழுதுகிறேன்,
உலகில் எல்லோரும் அதையேதான் எழுதியிருப்பார்கள்.
காலநிலை, கூட்டுப் பொறுப்பு, பகிர்ந்த வானம்...
அதையும் அழித்தேன்.

நிதி தருகிற ஊர்
எங்களுக்கு ஆறு மணி நேரம் பின்னால்.
அங்கே மாலை ஐந்துக்குக் கதவைச் சாத்துவார்கள்.
இங்கே அது இரவு பதினொன்று.
இப்போது பத்து ஐம்பத்திரண்டு.

தேவகுமாரியின் பள்ளி திங்களிலிருந்து மூடிக் கிடக்கிறது.
மூச்சு ஊதிப் பார்க்கும் கருவியைப்
பிள்ளைகளிடம் வீடு வீடாக எடுத்துப் போகிறாள்.
அதை நினைத்துக்கொண்டே தட்டினேன்:

யூலியானா அங்கே வாய்க்காலை அடைத்தால்
தேவகுமாரியின் பள்ளியில் மணி அடிக்கும்.

எட்டுச் சொல்.
மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டை
அவர்களுக்கே விட்டுவிட்டேன்.

அனுப்பு.
வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது.
முடிவு ஆறு மாதத்தில்.
அதற்குள் காற்று திசை மாறிவிடும்.
பணம் வந்தால்
நீல வானத்துக்குக் கீழே உட்கார்ந்து
புகை இருந்ததற்கு ஆதாரம் தேடுவோம்.

கீழே கடைக்காரர் இரும்புக் கதவை இறக்கினார்.
கைப்பேசி அதிர்ந்தது.
யூலியானா அனுப்பிய படம்:
மூன்று ஊர்க் குழாய்கள்,
பச்சை, நீலம், வெளிறிய ஆரஞ்சு,
சைக்கிள் ட்யூப் வாரால் கட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு ஒட்டிலும் கசிவு.
நுனியில் தண்ணீர் வருகிறது.

இதை இணைப்பாகச் சேர்த்திருக்கலாம்.
மணி பதினொன்று மூன்று.